வாக்கி டாக்கியின் வயிற்றுப்பாடு



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் எழுதாதீங்க, ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க." ஆகவே சாம்பாரை விட்டுவிட்டு, எங்கள் ஈ.சி.ஈ. துறை ஸ்டோர் ரூமில் இருக்கும் ஒரு பச்சை பீரோவைப் பற்றி எழுதலாமென்று உட்கார்ந்தேன். அதில் ஆறு வாக்கி டாக்கிகள் இருக்கின்றன. ஆறுக்கும் பேட்டரி செத்துப் பல வருஷம் ஆகிறது. ஸ்டோர் பதிவேட்டில் அவற்றின் பெயருக்கு எதிரே 'பழுது' என்று எழுதியிருக்கிறது. அடுத்த தடவை கண்டம் பண்ண வேண்டிய சாமான்களின் பட்டியல் போகும்போது இவையும் போய்விடும்.

அந்த 'பழுது' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. ஒரு கைசெட்டில் ஒலிபெருக்கி கெடலாம், குமிழ் தேயலாம், ஆன்டெனா உடையலாம். ஆனால் உலகத்தில் இதுவரை குப்பைக்குப் போன கைசெட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே நல்ல நிலையில் இருந்தவை என்றே நினைக்கிறேன். தீனி போட ஆள் இல்லாமல் போனவை அவை. வாக்கி டாக்கியின் சரித்திரத்தை அதன் வயிற்றுப் பக்கமிருந்து சொன்னால் இது புரியும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கையில் பிடித்துப் பேசும் செட் என்று உலகம் முதலில் பெரிய அளவில் கண்டது, அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 1940இல் உருவாக்கிய எஸ்.சி.ஆர்.-536. இந்த கால்வின் நிறுவனம்தான் 1947இல் தன் பெயரை மோட்டோரோலா என்று மாற்றிக்கொண்டது. செட்டின் எடை சுமார் 5 பவுண்டு, அதாவது 2.3 கிலோ. உள்ளே ஐந்து வால்வுகள். தனியாக ஸ்விட்ச் கிடையாது. ஆன்டெனாவை வெளியே இழுத்தால் ஆன், உள்ளே தள்ளினால் ஆஃப். ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் கையில் இருந்ததும் இதுதான். இதற்கு 'ஹேண்டி டாக்கி' என்று பெயர். 'வாக்கி டாக்கி' என்ற பெயர் அந்தப் படையில் முதுகில் சுமந்து போகும் பெரிய செட்டான எஸ்.சி.ஆர்.-300க்குத்தான் வழங்கியது. டேனியல் நோபிள் தலைமையில் 1943இல் வந்த அது சுமார் 16 கிலோ. பின்னாளில் ஊர் உலகமெல்லாம் பெயரை மாற்றிப் போட்டுக் கையில் பிடிப்பதையே வாக்கி டாக்கி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இப்போது வயிற்றுக்கு வருவோம். வால்வு செட்டுக்கு ஒரு பேட்டரி போதாது. இழையைச் சூடாக்கக் குறைந்த வோல்ட்டில் ஒன்று, பிளேட்டுக்கு உயர்ந்த வோல்ட்டில் இன்னொன்று. எஸ்.சி.ஆர்.-536இல் இழைக்கு 1.5 வோல்ட், பிளேட்டுக்கு 103.5 வோல்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 103.5ஐ 1.5ஆல் வகுத்தால் 69. ஆக, 69 குட்டிச் செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீளக் கட்டை ஒன்றை அந்தச் சின்னப் பெட்டிக்குள் செருகினார்கள். செட்டின் வடிவத்தைத் தீர்மானித்ததே பேட்டரிதான் என்றால் மிகையில்லை. 69இல் ஒன்று பலவீனப்பட்டாலும் மொத்த வரிசைக்கும் பாதிப்பு. நம்ம ஊரில் மின்சாரம் வராத கிராமங்களில் ஓடிய பழைய பேட்டரி வால்வு ரேடியோக்களுக்கும் இதே இரட்டைத் தீனிக் கதைதான். தாத்தாவிடம் கேட்டால் அந்த அட்டைப்பெட்டி பேட்டரியின் கனத்தைப் பற்றிச் சொல்லுவார்.

அதெல்லாம் துத்தநாக-கரி செல். 1866இல் லெக்லாஞ்சே கண்டுபிடித்து, 1880களில் காஸ்னர் ஈரம் வழியாத 'உலர்' செல்லாக்கிய அதே சரக்கு. நம் டார்ச் லைட்டில் போட்ட கட்டையும் இதுதான். சக்தி குறைந்த கட்டையை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய வீடுகள் நம்மில் எத்தனையோ. அது மூடநம்பிக்கை இல்லை. சூட்டில் உள்ளே ரசாயன வேகம் கூடும், கொஞ்ச நேரத்துக்கு வெளிச்சம் வரும். ஆனால் அதே சூடு சும்மா கிடக்கும் கட்டையையும் உள்ளுக்குள் தின்றுகொண்டே இருக்கும். இரண்டாம் உலகப்போரில் வெப்பமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களுக்குக் கப்பலேற்றிய பேட்டரிகளுக்கு இதுதான் நடந்தது. கிடங்கில் கிடக்கும்போதே சக்தி வடிந்துவிட்டது. செட் புத்தம் புதுசு, வயிறு காலி. என்ன பிரயோஜனம்?

இந்தப் பிரச்சினைக்கு விடை தந்தவர் சாமுவேல் ரூபன். கல்லூரிப் பட்டம் இல்லாமல் தானாகவே கற்றுக்கொண்ட அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர். (முன்னாள் மாணவர் மலரில் இதை எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான், இருந்தாலும் உண்மை உண்மைதானே!) 1942 வாக்கில் அவர் உருவாக்கிய பாதரசச் செல், சூட்டிலும் நீண்ட காலம் கெடாமல் இருந்தது, வோல்ட்டும் 1.35இல் கடைசிவரை ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றது. மேலரி நிறுவனம் அதைப் போருக்காகத் தயாரித்தது. அந்த நிறுவனத்தின் பேட்டரிக்கு 1960களில் வைத்த பெயர்தான் டியூராசெல். போருக்குப் பிறகு பாதரசச் செல் காது கேட்கும் கருவியிலும் கேமராவிலும் குடியேறியது. பாதரசம் விஷம் என்பதால் பிறகு நாட்டுக்கு நாடு தடை வந்தது. அமெரிக்கா 1996இல் சட்டம் போட்டது. ஒரு காலத்துக்கு உயிர் கொடுத்த சரக்கு, அடுத்த காலத்தில் வாங்கவே கிடைக்காது. பேட்டரி சரித்திரத்தில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

அப்படியானால் இன்று அந்த 536ஐ வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்? 103.5 வோல்ட் கட்டை கடையில் கிடைக்காது. நாம் எல்லோரும் மல்டிமீட்டரில் போடும் சதுர 9 வோல்ட் பேட்டரி இருக்கிறதல்லவா, அதைப் பதினொன்று தொடராகச் சேர்க்கிறார்கள். 99 வோல்ட். புது ஆல்கலைன் ஒவ்வொன்றும் 9.5 வோல்ட் அளவுக்குக் காட்டும் என்பதால், உண்மையில் 104ஐத் தொட்டுவிடும். சிலர் பன்னிரண்டு போடுவார்கள். இழைக்கு ஒரு பெரிய டார்ச் கட்டை. இவ்வளவுதான், எண்பது வயது செட் இரைய ஆரம்பிக்கும். ஒரு எச்சரிக்கை: 1.5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் தவறி 100 வோல்ட் பட்டால் ஐந்து வால்வும் ஒரு நொடியில் காலி. கையில் பட்டாலும் சும்மா இருக்காது. பேட்டரியை மாட்டுவதற்கு முன் மீட்டரால் இரண்டு தடவை பார்ப்பது நல்லது.

டிரான்சிஸ்டர் வந்ததும் பிளேட் பேட்டரிக்கு வேலை போயிற்று. 1962இல் மோட்டோரோலா எச்.டி.-200 என்று முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கைசெட்டைக் கொண்டுவந்தது. எடை 33 அவுன்ஸ், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கையாண்டவர்கள் அதைச் 'செங்கல்' என்றே கூப்பிட்டார்கள். 1969இல் அதன் தம்பி எச்.டி.-220 வந்தது. இந்தக் காலத்துச் செட்டுகளுக்கு உயிர்நாடி நிக்கல்-காட்மியம். 1899இலேயே சுவீடன்காரர் யுங்னர் கண்டுபிடித்ததுதான். ஆனால் சார்ஜ் ஆகும்போது வாயு வெளிவரும், தண்ணீர் ஊற்ற வேண்டும், சட்டைப்பையில் வைக்க முடியாது. அதை மூடி சீல் வைக்க வழி கண்டவர் யார் தெரியுமா? மைக்ரோஃபோனுக்குப் பேர்போன ஜெர்மானியர் கேயார்க் நாய்மன், 1947இல். பாட்டுக்காரர்களின் குரலைப் பிடித்த மனிதரே, பின்னாளில் போலீஸ்காரரின் கைசெட் பேசவும் வழி செய்துவிட்டார்.

அந்தச் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டால் சார்ஜ் பண்ணும் விதி எல்லாமே புரிந்துவிடும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நிக்கல் பக்கத்தைவிட காட்மியம் பக்கத்துக்குக் கொள்ளளவு வேண்டுமென்றே கூடுதலாக வைத்திருப்பார்கள். சார்ஜ் நிறையும்போது நிக்கல் பக்கம் முதலில் நிறைந்து ஆக்சிஜன் விடும். காட்மியம் பக்கம் இன்னும் நிறையாததால் அங்கே ஹைட்ரஜன் வராது. வந்த ஆக்சிஜனையும் அதுவே விழுங்கிவிடும். விழுங்கும் வேகத்துக்கு மட்டும் ஒரு எல்லை உண்டு. பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம், அதாவது 500 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு 50 மில்லி ஆம்பியர், என்றால் செல் தாங்கிக்கொள்ளும். இரவெல்லாம் விட்டாலும் கொஞ்சம் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். உள்ளே போவதில் ஒரு பகுதி வீணாவதால் பத்து மணி நேரத்தில் நிறையாது. 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். பழைய சார்ஜர்கள் ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கும் ரகமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

எனக்கு இதெல்லாம் படிப்பாக இருந்து, கைவேலையாக மாறியது அமெரிக்காவில். வேலை நிமித்தம் ஒஹையோ மாநிலத்தில் ஒன்றரை வருஷம் இருந்தேன். அங்கே டேட்டன் ஹாம்வென்ஷன் என்று அமெச்சூர் ரேடியோக்காரர்களின் பெரிய திருவிழா மே மாதத்தில் நடக்கும்; 2017 முதல் அது பக்கத்து ஜீனியா ஊரில். அதன் பழைய சாமான் சந்தை, நம்ம மூர் மார்க்கெட்டை வயலில் பரப்பி வைத்த மாதிரி. அங்கே ஒரு மேசையில் எச்.டி.-220 ஒன்று கிடந்தது. விற்றவர் வெள்ளைக்காரப் பெரியவர், எழுபது வயதுக்கு மேலிருக்கும். "வேலை செய்யுமா?" என்று கேட்டேன். "பேட்டரி இல்லை, அதனால் எனக்கே தெரியாது" என்றார். மேசையின் பாதியில் இருந்தது எல்லாமே அந்த 'எனக்கே தெரியாது' ரகம்தான். விலை, நல்ல ஓட்டலில் ஒரு சாப்பாட்டுக் காசு.

வீட்டுக்கு வந்து பேட்டரிக் கட்டைத் திறந்தோம், நானும் உரிமம் வைத்திருக்கும் ஒரு அமெரிக்க நண்பரும். கட்டின் மேல் ஓடு ஒட்டி மூடியிருக்கும். தையல் மாதிரி ஒரு கோடு சுற்றி ஓடும். அந்தக் கோட்டிலேயே சின்னச் சுத்தியால் பொறுமையாகத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தால் பிளந்துகொள்ளும். கத்தியை விட்டு நெம்பினால் ஓடும் போகும், உள்ளே செல்லும் கிழியும். திறந்தவுடன் முதல் வேலை, எதையும் தொடாமல் போட்டோ எடுப்பது. உள்ளே பன்னிரண்டு செல். செல்லுக்கு 1.25 வோல்ட் என்று வைத்து 15 வோல்ட் என்பது கம்பெனிக் கணக்கு. மீட்டரில் பார்த்தால் பன்னிரண்டில் எட்டு, பூஜ்யம். மற்றவற்றின் வாயில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது.

அந்த வெள்ளைப் பொரிவு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து காற்றோடு சேர்ந்து ஆனது. காரம். செட்டின் தொடுமுனைகளில் ஏறியிருந்தால் வினிகரை, அது இல்லையென்றால் எலுமிச்சைச் சாற்றை, பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பழைய டார்ச் கட்டை கசிந்தால் கதை வேறு, அது அமிலப் பக்கம். அதற்குச் சமையல் சோடா. இரண்டையும் மாற்றிப் போட்டுத் தேய்ப்பவர்கள் நிறைய. கண்ணாடி, கையுறை இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். காட்மியம் நல்ல விஷம், விளையாட்டு இல்லை.

திறந்த கட்டுக்குள் செல்லைத் தவிர இன்னும் சில சின்னச் சாமான்கள் இருக்கும். பல கட்டுகளில் ஒரு டயோடு. வெளியே தெரியும் சார்ஜ் முனையில் சாவிக்கொத்து பட்டு ஷார்ட் ஆகாமலிருக்க. ஒரு வெப்ப ஃபியூஸ். சிலவற்றில் சூட்டைச் சார்ஜருக்குச் சொல்லும் தெர்மிஸ்டர். புதுச் செல் போடுகிறவர்கள் "இது எதுக்கு?" என்று இவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே கம்பி போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தெர்மிஸ்டர் இல்லாத கட்டை வேகச் சார்ஜரில் வைத்தால், நிறைந்தது அதற்குத் தெரியாது. அடுத்து வருவது புகை.

புதுச் செல் விஷயத்தில் மூன்றைச் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே வகை, ஒரே நாளில் வாங்கியது, முடிந்தால் ஒவ்வொன்றின் கொள்ளளவையும் தனித்தனியே அளந்து ஒத்தவையாகச் சேர்த்தது. செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்கக் கூடாது. சூட்டில் உள்ளே சீல் கெடும். நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டிங் பண்ணிய செல்லாக வாங்கி, பட்டையில் சால்டர் பண்ணலாம். சென்னை ரிச்சி தெருவில் பேட்டரிக் கட்டு கட்டித் தரும் கடைகளில் நம் கண் முன்னாலேயே வெல்டிங் போட்டுத் தருகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஒஹையோவைவிட ரிச்சி தெரு வசதி! மூன்றாவது, கட்டி முடித்த பிறகு ஓட்டை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். நாலைந்து வருஷத்தில் இன்னொருவர் திறக்க வேண்டியிருக்கும்.

காட்மியச் செல் இப்போது தேடித்தான் வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் போட்ட சட்டத்தால் கையடக்கச் சாதனங்களில் அதைப் படிப்படியாக ஒதுக்கிவிட்டது. இடத்தைப் பிடித்தது நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. செல்லுக்கு அதே 1.2 வோல்ட் என்பதால் பழைய செட்டுக்கு வித்தியாசமே தெரியாது. ஆரம்பத்தில் அதற்கு ஒரு கெட்ட குணம் இருந்தது: சும்மா வைத்தாலே சில வாரங்களில் பெருமளவு வடிந்துவிடும். 2005இல் ஜப்பானின் சான்யோ 'எனலூப்' என்று, மாதக்கணக்கில் சார்ஜைப் பிடித்து வைக்கும் ரகத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அவசரத்துக்கு எடுக்கும் கைசெட்டுக்கு அது லாயக்கானது.

ஆனால் பழைய சார்ஜருக்கு வித்தியாசம் தெரியும். 500 கொள்ளளவுக்காக 50 மில்லி ஆம்பியர் தரும் சார்ஜரில் 2000 கொள்ளளவு செல்லை வைத்தால், 60 மணி நேரம் வைத்தால்தான் நிறையும். கெடுதல் இல்லை, பொறுமைதான் வேண்டும். தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. காட்மியம் நிறையும்போது வோல்ட் ஒரு சின்னச் சறுக்கு சறுக்கும். வேகச் சார்ஜர் அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். ஹைட்ரைடில் அந்தச் சறுக்கல் மிகச் சிறியது. பழைய வேகச் சார்ஜர் அதைக் கவனிக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயில் வேறு. ஏப்ரல், மே மாதத்தில் அறைக்குள்ளேயே செல் சூடாகிவிட்டால் சார்ஜ் சரியாக ஏறாது. ராத்திரி ஃபேனுக்குக் கீழே வைத்துப் போடுங்கள்.

"அண்ணா, மெமரி எஃபெக்ட்னு சொல்றாங்களே, அதுக்கு முழுக்கத் தீர்த்துட்டுத்தான் சார்ஜ் பண்ணணுமா?" என்று போன வருஷம் லேபில் ஒரு மூன்றாம் ஆண்டு தம்பி கேட்டான். பெரும்பாலும் அது மெமரியே இல்லை, தம்பி. நாள்கணக்கில் சார்ஜரிலேயே விட்டதால் உள்ளே படிகங்கள் பெருத்து வோல்ட் சற்றே இறங்கிப்போவதைத்தான் ஊரெல்லாம் மெமரி என்கிறது. செல்லுக்கு 1.0 வோல்ட் வரை இறக்கி, மெதுவாக ஏற்றி, இப்படி மூன்று நான்கு சுற்று செய்தால் நிறையத் திரும்பி வரும். அதற்காக டார்ச் பல்பை மாட்டிப் பூஜ்யம் வரை உறிஞ்சக் கூடாது. வரிசையில் எது பலவீனமோ அது முதலில் காலியாகும். மற்ற செல்கள் அதன் வழியாகவே மின்னோட்டத்தைத் தள்ளி அதைத் தலைகீழாகச் சார்ஜ் பண்ணிவிடும். பல நல்ல கட்டுகள் இந்த 'வைத்தியத்தில்'தான் செத்திருக்கின்றன.

லித்தியம் போடலாமே என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. போடலாம். ஆறு நிக்கல் செல் இருந்த இடத்தில் இரண்டு லித்தியம், நிறைந்தால் 8.4 வோல்ட். நிக்கல் கட்டே சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் அதே அளவுக்குக் காட்டும் என்பதால் செட்டுக்குப் பாதகமில்லை. ஆனால் லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டில் கறாராக நிறுத்த வேண்டும், பாதுகாப்புப் பலகை வேண்டும், பழைய சார்ஜரில் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. நீங்கள் வைக்க மாட்டீர்கள். உங்களுக்குப் பிறகு பீரோவைத் திறக்கிறவர் வைப்பார். ஆகவே பலர் கை மாறும் செட்டுக்கு நான் ஹைட்ரைடையே சொல்வேன்.

அந்த எச்.டி.-220 பேசியது. 1970களின் பொருள் என்று சொன்னால் நம்ப முடியாத தெளிவு. இப்போதும் அது ஒஹையோவில் நண்பர் வீட்டில்தான் இருக்கிறது. வயர்லெஸ் செட்டை இந்தியாவுக்குள் கொண்டுவர முறையாக அனுமதி வாங்க வேண்டும் என்பதை அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் நினைவில் வைக்கவும்.

இனி நம் பீரோவுக்கு வருகிறேன். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானில் தொலைத்தொடர்பு அறுந்தது. அமெச்சூர் ரேடியோ நிகழ்ச்சிக்காக அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவரது குழுவினரும் தங்கள் செட்டுகளைக் கொண்டு வெளி உலகத்துக்குச் செய்தி சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்த நம் கல்லூரியின் மூத்த முன்னாள் மாணவர்கள் பணம் போட்டு, துறையில் ஹாம் கிளப் ஆரம்பித்து, வாங்கிக்கொடுத்தவைதான் இந்த ஆறு செட்டும். நான் படித்தபோது விளையாட்டு விழாவில் மைதானத்துக்கும் மேடைக்கும் இதில்தான் பேசுவோம். போலீஸ் 'மைக்' மாதிரி "ஓவர், ஓவர்" என்று ஒரே அமர்க்களமாக இருக்கும். உரிமம் வாங்கிய மாணவர்கள் படிப்பு முடித்துப் போனார்கள், அதன் பிறகு யாரும் பரீட்சை எழுதவில்லை. செட்டுகள் பீரோவுக்குப் போயின.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் கரண்ட் போய், செல்போனும் பல இடங்களில் ஓய்ந்துபோனது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் அப்போதும் செட்டோடு களத்தில் இருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் நம் ஹாஸ்டலில் பிள்ளைகள் இரண்டு நாள் வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர் ரூம் பீரோவைத் திறந்து பார்த்த லேப் அண்ணன் சொன்னார்: "ஆறையும் சார்ஜர்ல வெச்சேன் தம்பி. லைட் எரிஞ்சுது. எடுத்தா உடனே அணைஞ்சுடுச்சு. எல்லாம் பொட்டுனு போச்சு."

லைட் எரிந்தது, எடுத்தால் அணைந்தது. இது செட்டின் குறை இல்லை என்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். போன வருஷம் துறைத் தலைவரிடம் கேட்டு, இரண்டு கட்டுகளை மட்டும் எடுத்து வந்தேன். ஒவ்வொன்றிலும் ஆறு காட்மியச் செல், 7.2 வோல்ட். ரிச்சி தெருவில் பட்டை போட்ட ஹைட்ரைடு செல் வாங்கி, பழைய டயோடையும் ஃபியூஸையும் அப்படியே வைத்துக் கட்டினேன். பழைய சார்ஜர் 60 மில்லி ஆம்பியர்தான் தருகிறது. ஆகவே 200 மில்லி ஆம்பியரில் 15 மணி நேரம் ஓடித் தானே நிற்கும் ஒன்றைத் தனியாகச் செய்து கொடுத்தேன். இரண்டு செட்டும் உயிர் பெற்றன. உரிமம் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் பேசிப் பார்த்தார். மைதானத்தின் கடைசிப் புளியமரம் வரைக்கும் சுத்தமாகக் கேட்டது. சும்மா வைத்து மூன்று மாதம் கழித்து எடுத்தபோதும் ஆன் ஆனது.

மிச்சம் நான்கு. கண்டம் பட்டியலிலிருந்து ஆறையும் இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் விலக்கி வைக்கத் துறைத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்கு கட்டுகளுக்கு 24 செல் வேண்டும். அந்தச் செலவைப் பற்றிக் கவலையில்லை, எங்கள் பேட்ச் பார்த்துக்கொள்ளும். வேண்டியது ஆள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆறையும் எடுத்து, இறக்கி, ஏற்றி, எவ்வளவு நேரம் தாங்கியது என்று பார்க்க ஒருவர். அமெச்சூர் பரீட்சை எழுதி உரிமம் வாங்க குறைந்தது இரண்டு பேர். உரிமம் இல்லாமல் பேசுவது சட்டப்படி குற்றம், அதில் சமாதானம் கிடையாது. எடுத்த பழைய காட்மியச் செல்களைக் குப்பைத் தொட்டியில் போடாமல், 2022ஆம் வருஷ பேட்டரிக் கழிவு விதிகளின்படி எடுத்துக்கொள்ளும் இடத்தில் சேர்க்கவும் ஒருவர். இப்போதைக்கு அவை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், லேபல் ஒட்டி, ஸ்டோர் ரூம் ஜன்னலில் இருக்கின்றன.

சார்ஜர் பக்கத்தில் நூல் கட்டி ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறேன். தேதி, கட்டு எண், ஏற்றிய நேரம், இறக்கியபோது வந்த மில்லி ஆம்பியர்-மணி, கையெழுத்து என்று ஐந்து பத்தி. இதுவரை எட்டு வரி எழுதியாகியிருக்கிறது, எட்டும் என் கையெழுத்து. ஒன்பதாவது வரி எழுத வேண்டிய தேதி, இந்தச் சந்திப்புக்கு அடுத்த சனிக்கிழமை. சாவி லேப் அண்ணனிடம் இருக்கிறது.